பியானோ கண்ட கிறிஸ்தோபோரி

மெல்லத் தொட்டால் மெல்லென ஒலிப்பதும், அழுத்தித் தொட்டால் ஓங்கி ஒலிப்பதும் பியானோவின் சிறப்பாகும். அச்சிறப்பை அதற்கு அளித்தவர் பார்த்தொலோமேயோ கிறிஸ்தோபோரி என்னும் இத்தாலியர்.

அவர் 1655ஆம் ஆண்டில் பதுவா நகரில் பிறந்தார். இசைக்கருவிகள் செய்வதில் வல்லவராய் விளங்கினார். புளோரன்சு நகரத்து இளவரசர் பெர்தினாந்தோ தெ மெதிச்சி 1688ஆம் ஆண்டில் அவரைத் தம் பணியில் அமர்த்தினார்.

அக்காலத்தில் மேனாட்டார் போற்றிய கருவிகளுள் ஒன்று ஹார்ப்சிகார்டு. அதன் கட்டையை விரலால் அழுத்தினால், இறகுத் தண்டாலாகிய சிறு முள் தந்தியைச் சுண்டும். எவ்வளவு அழுத்தினும் ஒலியின் அளவு பெரிதும் மாறாது. இக்குறையை நீக்கக் கருதிய கிறிஸ்தோபோரி, சிறு சுத்தியல் தந்தியைத் தட்டுமாறு செய்தார்.

ஆயினும் ஓர் இடர் எழுந்தது. தட்டிய சுத்தியல் தந்தியிலேயே தங்கினால் ஒலி அடங்கிவிடும். விரல் கட்டையை அழுத்திக்கொண்டிருக்கும்போதே சுத்தியல் விலகுதல் வேண்டும். இதற்கு அவர் அரியதொரு வழி கண்டார். சுத்தியலை உந்தும் சிறு தண்டு, சுத்தியல் தந்தியை எட்டுவதற்குச் சற்று முன்னரே நழுவிவிடும். சுத்தியல் தான் பெற்ற விசையாலேயே சென்று தட்டி, உடனே மீளும். கட்டையினின்று விரலை எடுத்ததும், மெத்தென்ற துணி தந்தியின்மேல் படிந்து ஒலியை அடக்கும்.

தட்டுதலைத் தாங்கும்பொருட்டுத் தடித்த தந்திகளை அவர் இறுகக் கட்டினார். அவ்விறுக்கம் மெல்லிய ஒலிப்பலகையைக் கெடுத்துவிடாதவாறு, பலகையைத் தாங்க உட்சுவரும், தந்திகளின் இழுப்பை ஏற்க வெளிச்சுவரும் அமைத்தார்.

1700ஆம் ஆண்டின் அரண்மனைக் கருவிப் பட்டியலில் இப்புதுக்கருவி இடம்பெற்றது. மெல்லொலியும் வல்லொலியும் உடையது என்னும் பொருள்பட அதற்கு வழங்கிய நெடும்பெயரே பின்னர்ப் பியானோ எனச் சுருங்கிற்று. எனினும் இத்தாலியில் அதனைப் போற்றியவர் சிலரே. 1713ஆம் ஆண்டில் இளவரசரும் மறைந்தார். கிறிஸ்தோபோரி சோர்ந்திலர், முதுமையிலும் தம் கருவியைத் திருத்திக்கொண்டே இருந்தார். 1731ஆம் ஆண்டில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பின்னர்ச் செருமானியராகிய சில்பர்மன் முதலியோர் அவர் முறையைப் பின்பற்றினர். பியானோ எங்கும் பரவிற்று. 1720, 1722, 1726ஆம் ஆண்டுகளில் அவர் செய்த மூன்று பியானோக்கள் முறையே நியூயார்க், உரோம், இலைப்சிக் நகரங்களின் காட்சிச்சாலைகளில் உள்ளன.

இன்றைய பெரும்பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. ஏறத்தாழ 20 டன் இழுப்பைத் தாங்க இரும்புச் சட்டமும் உண்டு. ஆயினும் உரிய நொடியில் உந்துதண்டு நழுவ, சுத்தியல் தட்டி மீளும் அந்நுட்பம் அவர் வகுத்த நெறியினதே. தம் காலத்தார் போற்றாதபோதும் பணியைக் கைவிடாத அப்பெரியாரின் உழைப்பு, பியானோ ஒலிக்கும் இடந்தோறும் பயன் தருகின்றது.