நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஹாம்ப்ஷயரில் ஸ்டீவன்டன் என்றொரு சிற்றூர். அங்கு ஆங்கிலிக்கன் சபைக் குருவாகப் பணியாற்றிய ஜார்ஜ் ஆஸ்டினுக்கு ஆண் மக்கள் அறுவர், பெண் மக்கள் இருவர். அவர்களுள் ஏழாவதாக 1775ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் பிறந்தவரே ஜேன் ஆஸ்டின் அம்மையார்.

குடும்பம் பெரிது; வருமானம் சிறிது. தந்தையார் வீட்டிலேயே மாணவர்களைத் தங்கவைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்துச் செலவைச் சமாளித்தார். ஜேனும் அக்காள் கசாண்ட்ராவும் பள்ளிக்குச் சென்றது சில காலமே. ஏழு வயதில் வெளியூரில் படிக்கச் சென்றபோது கொடிய காய்ச்சல் கண்டு ஜேன் பிழைத்ததே அரிதாயிற்று. பின்னர் ரெடிங் நகரப் பள்ளியில் படித்தார். பதினொரு வயதோடு அதுவும் முடிந்தது. அதன்பின் தந்தையாரின் நூலகமே அவருக்குப் பள்ளியும் கல்லூரியுமாயிற்று. சிறுமியாக இருந்தபோதே வேடிக்கைக் கதைகள் எழுதி வீட்டாருக்குப் படித்துக் காட்டிச் சிரிக்க வைப்பார்.

இருபத்தொரு வயதில் முழு நாவல் ஒன்றை எழுதி முடித்தார். மகளின் திறமையில் நம்பிக்கை கொண்ட தந்தையார் 1797ஆம் ஆண்டு லண்டன் பதிப்பாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதினார். அவரோ கைப்பிரதியைப் பார்க்கவும் மறுத்துவிட்டார்.

அக்காலத்தில் நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குப் பொருளீட்டும் வழி அநேகமாக இல்லை. செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பிக்கப் போகலாம். அதில் ஊதியமும் குறைவு, மதிப்பும் குறைவு. பரம்பரைச் சொத்து பெரும்பாலும் ஆண் வாரிசுக்கே போகும். ஆகவே நல்ல இடத்தில் வாழ்க்கைப்படுவதே பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று எல்லாரும் கருதினர்.

1802ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் ஜேனுக்கு அத்தகைய வாய்ப்பு வந்தது. தோழியரின் மாளிகையில் விருந்தினராகத் தங்கியிருந்தபோது, அவர்களுடைய தம்பி ஹாரிஸ் பிக்-விதர் தம்மை மணந்துகொள்ளுமாறு கேட்டார். அவர் பெரும் பண்ணைக்கு வாரிசு. ஜேனுக்கோ இருபத்தேழு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இம்மணம் நடந்தால் முதிய பெற்றோருக்கு ஆதரவு கிடைக்கும். மணக்கவிருந்தவரை இழந்து தனித்திருந்த அக்காளுக்கும் ஒரு வீடு கிடைக்கும். ஜேன் அன்று மாலை சம்மதம் தெரிவித்தார். ஆனால் மறுநாள் காலையிலேயே அச்சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அம்மாளிகையைவிட்டுப் புறப்பட்டார். அவர் பின்னர் மணம் செய்துகொள்ளவே இல்லை.

அந்த முடிவுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. 1805ஆம் ஆண்டு தந்தையார் காலமானார். தாயும் இரு பெண் மக்களும் சகோதரர்கள் அளித்த உதவியை நம்பி வாடகை வீடுகளிலும் உறவினர் வீடுகளிலும் காலந்தள்ளினர். 1803இல் பத்துப் பவுனுக்கு அவர் விற்ற நாவலை வாங்கியவர் அச்சிடாமலே வைத்திருந்தார். 1809ஆம் ஆண்டு சகோதரர் எட்வர்டு சாட்டன் என்னும் ஊரில் ஒரு வீட்டை அவர்களுக்கு அளித்தபிறகே ஜேனின் மனம் அமைதி கண்டது. பழைய கைப்பிரதிகளை எடுத்துத் திருத்தி எழுதலானார்.

அரசர் மூன்றாம் ஜார்ஜ் நோயுற்றதால் 1811 முதல் 1820 வரை அவர் மகன் பதில் ஆட்சி புரிந்தார். ரீஜென்சி காலம் எனப்படும் அந்த ஆண்டுகளில்தான் ஜேனின் ஆறு நாவல்களும் வெளிவந்தன. முதல் நாவல் 1811இல் அச்சேறியபோது, ஆசிரியர் ஒரு பெண்மணி என்று மட்டுமே முகப்பில் கண்டிருந்தது, பெயரில்லை.

1813இல் வெளிவந்த 'பிரைடு அண்ட் பிரஜுடிஸ்' அவருடைய புகழ்பெற்ற நாவல். அதன் உரிமைக்கு அவர் பெற்றது 110 பவுன். கதாநாயகி எலிசபெத்தை முதலில் பெண் கேட்பவர், அவள் தந்தையின் சொத்துக்கு வாரிசான உறவினர். மணந்தால் குடும்பத்துக்கு வீடு தப்பும். எனினும் அவள் மறுக்கிறாள். அடுத்து வருபவர் பெருஞ்செல்வர் டார்சி. அவள் குடும்பத்தைத் தாழ்வாக எண்ணி, காதலிக்க விருப்பமின்றியே காதலித்தவர். அவள் அவரையும் மறுக்கிறாள். அந்த மறுப்பு அவருடைய செருக்கைத் தகர்க்கிறது. உண்மை தெரிந்தபின் தன் அவசரத் தீர்ப்பை எண்ணி எலிசபெத்தும் நாணுகிறாள். இருவரும் திருந்திய பிறகே இணைகின்றனர். 'பெர்சுவேஷன்' நாவலிலோ, பெரியோர் சொல்லைக் கேட்டுக் காதலைக் கைவிட்ட ஆன், எட்டு ஆண்டுகளுக்குப்பின் அதே மாலுமியைச் சந்திக்கிறாள்.

பதில் அரசரே ஜேனின் வாசகர். 'எம்மா' நாவல் அவருக்குக் காணிக்கையாக்கப்பட்டது. ஆயினும் அரச குடும்பத்தைப் பற்றிய வரலாற்றுக் கதை எழுதலாமே என்று அவருடைய நூலகர் யோசனை கூறியபோது, தமக்குத் தெரிந்த கிராமத்து வாழ்க்கையை எழுதுவதே தமக்கு இயலும் என்று ஜேன் பணிவாக மறுத்துவிட்டார்.

நோயுற்று 1817ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் வின்செஸ்டர் நகரில், அக்காள் அருகிலிருக்க, தமது நாற்பத்தொன்றாம் வயதில் உயிர் நீத்தார். அந்நகரின் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைக் கல் அவருடைய நற்குணங்களைக் கூறுகிறது. நாவல்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பத்துப் பவுனுக்கு விற்று, பின்னர் மீட்ட நாவலும் 'பெர்சுவேஷ'னும் அவ்வாண்டு இறுதியில் வெளிவந்தபோதுதான் சகோதரர் ஹென்றி அவர் பெயரை உலகுக்கு அறிவித்தார். இருநூறு ஆண்டுகளுக்குப்பின், 2017இல், இங்கிலாந்து வங்கி அவருடைய உருவத்தைப் பத்துப் பவுன் நோட்டில் அச்சிட்டது.

மாணவியரே! அவருடைய நாவல்களைப் படிக்கும்போது, அவற்றில் வரும் திருமணங்களோடு அவற்றின் மறுப்புகளையும் கவனியுங்கள். மறுத்தால் என்ன நேரும் என்பதை வாழ்ந்து அறிந்த ஒருவர் எழுதியவை அவை.