விக்ரம் சாராபாய்: அறிஞர்களை வளர்த்த பெருந்தகை

கற்றுத் தேர்ந்த பணியாளர்களைத் தேடிச் சேர்ப்பதினும், அவர்களை மனநிறைவோடு நிலைத்திருக்கச் செய்வதே எந்நிறுவனத்திற்கும் அரிய செயலாகும். ஊதியம் ஒன்றினால் மட்டும் இது கைகூடுவதன்று. இவ்வுண்மையைத் தம் செயலால் விளக்கிய பெருமகனார் டாக்டர் விக்ரம் சாராபாய் ஆவார். அவர்தம் வாழ்வை இந்நோக்கில் ஈண்டுக் காண்போம்.

அகமதாபாத் நகரின் புகழ்வாய்ந்த சமணக் குடும்பத்தில், ஆலை அதிபர் அம்பாலால் சாராபாய்க்கும் சரளாதேவி அம்மையாருக்கும் மகனாக 1919ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் அவர் தோன்றினார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று, இரண்டாம் உலகப் போர் மூண்டதால் தாயகம் திரும்பிப் பெங்களூரில் சர் சி.வி. இராமன் அவர்களிடம் காஸ்மிக் கதிர்களைப் பற்றி ஆராய்ந்தார். 1942இல் நாட்டியக் கலைஞர் மிருணாளினியை மணந்தார். போர் முடிந்தபின் மீண்டும் கேம்பிரிட்ஜ் சென்று 1947இல் முனைவர் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டிலேயே அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகத்தை நிறுவினார். அப்போது அவருக்கு அகவை இருபத்தெட்டே. தாம் தோற்றுவித்த அமைப்பாயினும் இயக்குநர் பதவியைத் தாம் ஏற்கவில்லை. வானிலைத் துறையில் பழுத்த அனுபவம் பெற்றவரும், பாலக்காட்டைச் சேர்ந்த கல்பாத்தியில் பிறந்தவருமான கே.ஆர். இராமநாதன் அவர்களை அப்பொறுப்பில் அமர்த்தினார். தகுதியுடையார் வரும்பொழுது நாற்காலியை விட்டுக்கொடுக்கும் தலைவரிடமே அறிஞர்கள் நம்பிக்கை வைப்பர் என்பதை நாம் இங்கு உணர்கின்றோம்.

அதே காலத்தில் அகமதாபாத் நெசவாலைகளுக்கான ஆராய்ச்சிக் கழகத்தையும் அவர் உருவாக்கினார். ஆலைத் தொழிலில் முன் அனுபவமற்ற இளம் அறிவியலாளர் பலரைத் துணிந்து சேர்த்துக்கொண்டார். பழைய வழக்கங்களில் தோய்ந்துவிடாத கண்களே புதியன காணும் என்பது அவர் கருத்து. இயந்திரங்களை மட்டுமன்றி, அவற்றை இயக்கும் தொழிலாளரின் மனநிலையையும் ஆராய்தல் வேண்டுமெனக் கருதி, அதற்கெனத் தனிப்பிரிவு அமைத்துக் கமலா சவுத்ரி அம்மையாரிடம் ஒப்படைத்தார். 1961இல் அகமதாபாத்தில் இந்திய மேலாண்மைக் கழகம் தோன்றியபோது, அதனை உருவாக்குவதிலும் இவ்வம்மையார் பெரும்பங்கு கொண்டார். 1965இல் நாற்பது வயதையும் எட்டாத ரவி மத்தாய் அக்கழகத்தின் முதல் முழுநேர இயக்குநரானார்.

விண்வெளித் துறையில் அவர் கையாண்ட முறை இன்னும் வியக்கத்தக்கது. 1962இல் விண்வெளி ஆராய்ச்சிக்கான தேசியக் குழு அமைந்ததும், இளம் பொறியாளர் சிலரை அமெரிக்காவிற்கு அனுப்பிப் பயிற்சி பெறச் செய்தார். தும்பாவில் மாதா கோயிலே அலுவலகமாக, மிகக் குறைந்த வசதிகளோடு பணி தொடங்கியது. 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ஆய்வு ராக்கெட் அங்கிருந்து பறந்தது. வெளிநாட்டில் வசதியான பணிகளில் இருந்த யு.ஆர். ராவ், வசந்த் கோவாரிகர் போன்றோர் அறுபதுகளில் தாயகம் திரும்பி அவருடன் இணைந்தனர். வசதிகள் குறைவாக இருந்தும் அவர்கள் வந்தமைக்குக் காரணம், பொறுப்பு பெரிதாக இருந்தமையே. செயற்கைக்கோள் ஏவுகலத்தின் நான்கு அடுக்குகளையும் வெவ்வேறு இளைஞர் குழுக்களிடம் பிரித்தளித்தார். நான்காம் அடுக்கு நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

எனினும் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு. 1966இல் ஹோமி பாபா மறைந்தபின் அணுசக்தி ஆணையத்தின் தலைமையும் சாராபாயின் தோளில் ஏறிற்று. ஆய்வகம், விண்வெளி, அணுசக்தி, குடும்பத் தொழில் எனப் பல பொறுப்புகளை ஒருவரே சுமந்ததால், அவரைச் சந்தித்து முடிவு பெறுதல் பலருக்கு அரிதாயிற்று. ஓய்வற்ற அலைச்சலினூடே 1971 டிசம்பர் 30ஆம் நாள் கோவளத்தில் ஐம்பத்திரண்டாம் வயதில் அவர் உயிர் நீத்தார். அன்பும் நம்பிக்கையும் போதா. ஒழுங்கான அமைப்பும் வேண்டும் என்பதைப் பின்னர் வந்த சதீஷ் தவான் அவர்களின் காலம் காட்டிற்று. 1972இல் விண்வெளி ஆணையமும் தனித் துறையும் ஏற்பட்டன.

ஆயினும் அவர் சேர்த்த இளைஞர் கூட்டம் கலையவில்லை. 1979 ஆகஸ்டில் ஏவுகலத்தின் முதல் முயற்சி தோல்வியுற்றது. அதே குழுவினர் தளராது உழைத்து 1980 சூலை 18ஆம் நாள் ரோகிணியை விண்ணில் நிறுத்தினர். தலைவர் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகவிருந்த நிலையிலும் பணியாளர் நிலைத்து நின்றனர் என்பதே அவர்தம் மேலாண்மைக்குச் சிறந்த சான்றாகும். 2023 ஆகஸ்டு 23ஆம் நாள் நிலவில் இறங்கிய கலமும் விக்ரம் என்னும் பெயரையே தாங்கிற்று.

நம் குடும்பத்தார் பலர் கடையோ தொழிலகமோ பள்ளியோ நடத்துகின்றனர். நன்கு படித்த பிள்ளை ஒருவர் பணியைவிட்டு விலகும்போது, ஊதியம் போதவில்லை என்று மட்டும் எண்ணி அமைதல் தகாது. அவரை நம்பித் தனிப்பொறுப்பு ஒன்றேனும் அளித்தோமா, அவர் முடிவு கேட்டு வந்தபோது காத்திருக்க வைக்காது செவி சாய்த்தோமா என நம்மை நாமே வினவுதல் நன்று.