நாகேஷின் நடிப்பில் நகையும் அழுகையும்

நகைச்சுவை நடிகர் துயரப் பாத்திரமேற்று வெல்வதை, நகைச்சுவையைக் களைந்தமையால் அவர் பெற்ற வெற்றியெனக் கொள்ளும் வழக்கம் திரைத் திறனாய்வில் உண்டு. நாகேஷின் வாழ்க்கை இக்கருத்துக்கு இடந்தரவில்லை.

தாராபுரத்தில் கன்னடம் பேசும் குடும்பத்தில் 1933-ஆம் ஆண்டு பிறந்த அவர், அம்மைநோயின் வடுக்களை முகத்தில் தாங்கியவர். சென்னையில் இரயில்வே எழுத்தராகப் பணியாற்றியவாறே மேடையேறினார். நாடகமொன்றில் வயிற்றுவலியால் துடிப்பவராக நடித்து எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்றார். பிறர் நோவில் அவையோர் நகைத்தனர் என்பது இங்குக் கருதத்தக்கது.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு உரைக்கும் நிலைக்களன்களுள் பேதைமையும், அழுகைக்கு உரைப்பனவற்றுள் வறுமையும் இடம்பெறுகின்றன. நாகேஷின் சிறந்த பாத்திரங்களில் இவ்விரண்டும் ஓருடலில் உறைகின்றன. 1964-இல் காதலிக்க நேரமில்லை படத்தில் செல்லப்பாவாக நகைப்பூட்டியவர், அவ்வாண்டு இறுதியில் சர்வர் சுந்தரமாகத் தோன்றினார். கே. பாலசந்தரின் கதையைக் கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினர். உணவகத்தில் பரிமாறும் சுந்தரம், தன்னிடம் பரிவு காட்டிய பெண்ணின் உள்ளத்தைத் தவறாக உணர்கிறான். திரைப்பட நடிகனாகிப் புகழடைகிறான். தாயை இழந்தபின் பழைய பணிக்கே திரும்புகிறான். கோப்பைகளை வானளாவ அடுக்கி ஏந்திவரும் உடல் வேறு, துயரில் தளரும் உடல் வேறு அன்று. முன்னதில் நகைப்பூட்டிய பேதைமையே பின்னதில் அழுகைக்குக் களனாகிறது. நடிப்புமுறை மாறவில்லை, சூழலே மாறியது.

1965-இல் வந்த திருவிளையாடல் படத்தின் தருமியை இந்நோக்கில் மீண்டும் காணுதல் தகும். பொற்கிழிக்காக ஏங்கும் அப்புலவனின் புலம்பல் வறுமையிற் பிறந்தது, அவையோ சிரித்தது. அவ்வாண்டே பாலசந்தர் முதன்முதலாக இயக்கிய நீர்க்குமிழியில், சாவை எதிர்நோக்கும் நோயாளியாகப் பிறரைச் சிரிக்கவைத்தார். எதிர்நீச்சலில் (1968) குடித்தனக்காரர்களுக்கு ஏவல் செய்து உண்டு, மாடிப்படியின்கீழ் வாழ்ந்து கல்வி கற்கும் மாதுவாக நடித்தார்.

1994-ஆம் ஆண்டு இக்கூற்றுக்கு அரிய சான்று தருகிறது. மகளிர் மட்டும் படத்தில் பிணமாக நடித்து அரங்கை நகைக்கவைத்தவர், அதே ஆண்டில் வெளிவந்த நம்மவரில் மகளைப் பறிகொடுத்த தந்தையாக நடித்துச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றார். அப்போது அவர் அகவை அறுபதைக் கடந்திருந்தது. 2009 சனவரி 31 அன்று சென்னையில் மறைந்தார்.