டேவிட் கிர்க்கால்டி

டேவிட் கிர்க்கால்டி (ஏப்ரல் 4, 1820 – ஜனவரி 25, 1897) ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆவார். உலோக மாதிரிகளை இழுத்து முறித்து அவற்றின் வலிமையைக் கண்டறிவதை ஒரு தனித் தொழிலாக வளர்த்தவர். புதுக்கோட்டை மாவட்டப் பொறியியல் கல்லூரிகளில் மாணவர்கள் மென்னெஃகுக் கம்பியை முறித்துப் பார்க்கும் ஆய்வகப் பயிற்சி இவர் வகுத்த வழியில் வந்ததே.

வாழ்க்கை

டண்டி நகரில் பிறந்த கிர்க்கால்டி, 1843 இல் கிளாஸ்கோவில் ராபர்ட் நேப்பியரின் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்து, பின்னர் தலைமை வரைவாளரானார். பெர்சியா என்னும் நீராவிக் கப்பலுக்கு இவர் வரைந்த படங்கள் லண்டன் ராயல் அகாதமியில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

ஆய்வுகள்

1858 முதல் 1861 வரை நேப்பியர் நிறுவனத்துக்காகத் தேனிரும்பு, எஃகு மாதிரிகளைச் சோதித்து, முடிவுகளை 1862 இல் நூலாக வெளியிட்டார். ஒரே இரும்பு மெதுவாக இழுக்கப்பட்டால் நார்போன்றும், திடீரென முறிக்கப்பட்டால் படிகம்போன்றும் முறிமுகம் காட்டுவதை இவர் விளக்கினார். மாதிரியின் வடிவம் மாறினாலும் முடிவு மாறியது. எனவே முறிவுச் சுமையை மட்டும் கொண்டு தரத்தை முடிவு செய்வது தவறு என்றும், முறிந்த இடத்தில் குறுக்குவெட்டுப் பரப்பு எவ்வளவு சுருங்கியது என்பதையும் அளக்க வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அக்காலத்தில் இரும்பின் தரம் பெரும்பாலும் உற்பத்தியாளரின் பெயரை நம்பியே ஏற்கப்பட்டது என்பதை நோக்க, இது சிறிய செய்தியன்று.

சோதனைப் பொறி

1861 இல் வேலையை விட்ட கிர்க்கால்டி, சொந்தச் செலவில் பெரும் பொறி ஒன்றை வடிவமைத்தார். லீட்ஸ் நகரின் கிரீன்வுட் அண்டு பேட்லி நிறுவனம் அதைச் செய்தது. நீளம் சுமார் 14.5 மீட்டர், எடை சுமார் 116 டன். 10 லட்சம் பவுண்டு (ஏறத்தாழ 450 டன்) விசை வரை அதனால் செலுத்த முடியும். நீரழுத்த உருளை மாதிரியை ஒரு முனையில் இழுக்க, மறுமுனையில் நெம்புகோல்கள் அவ்விசையை எடைபோட்டன. உருளையின் உராய்வு அளவீட்டில் கலவாமல் இருந்ததே இவ்வமைப்பின் சிறப்பு. 1866 இல் லண்டன் சதர்க்கில் சோதனைக்கூடம் தொடங்கியது. 1874 இல் சதர்க் தெருவில் 99 ஆம் எண் கட்டடத்துக்கு மாறியது.

டே பாலம்

டிசம்பர் 28, 1879 இரவு, புயலில் ஸ்காட்லாந்தின் டே ரயில் பாலம் இடிந்து, சென்றுகொண்டிருந்த தொடர்வண்டியில் இருந்த அனைவரும் இறந்தனர். விசாரணைக்காக அதன் பாகங்கள் கிர்க்கால்டியிடம் வந்தன. பிணைப்புச் சட்டங்களைத் தாங்கிய வார்ப்பிரும்புக் காதுகள் சுமார் 60 டன் தாங்கும் என எதிர்பார்க்கப்பட்டது. சோதனையில் அவை சுமார் 20 டன்னிலேயே முறிந்தன.

பிற்காலம்

கிர்க்கால்டியின் பொறியில் எடையை நகர்த்தி நெம்புகோலைச் சமநிலையில் வைத்திருப்பவரின் கைப்பழக்கம் முக்கியமாக இருந்தது. தற்காலத் தானியங்கிப் பொறிகளில் சுமை உணரியும் நீட்சிமானியும் தரும் அளவுகளைக் கணினி பதிவு செய்கிறது. இழுக்கும் வேகத்தையும் அதுவே கட்டுப்படுத்துகிறது. வேகம் மாறினால் முடிவும் மாறும் என்பதால், இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 1608 இழுப்பு வேகத்துக்கும் வரம்பு வகுத்துள்ளது.

இவருக்குப் பின் மகன் வில்லியம் ஜார்ஜ் கிர்க்கால்டியும் குடும்பத்தினரும் சோதனைக்கூடத்தை நடத்தினர். 1983 இல் அக்கட்டடம் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. பழைய பொறி அங்கேயே உள்ளது.