கணித மேதை இராமானுஜன்

நம் பிளவக்கல் அணையருகே 4 கூழாங்கற்களைப் பொறுக்குங்கள். அவற்றை ஒரே குவியலாக வைக்கலாம். 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்றும் பிரித்து வைக்கலாம். ஆக 5 வழிகள். கற்கள் 200 ஆனால் எத்தனை வழிகள்? இதற்கு விடை கண்டவர்களுள் ஒருவர் சீனிவாச இராமானுஜன்.

இவர் 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். கணக்கிலேயே மூழ்கியதால் மற்றப் பாடங்களில் தவறி, கல்லூரி உதவித்தொகையை இழந்தார். ஆயினும் கணக்கைக் கைவிடவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார்.

அங்கே பேராசிரியர் ஹார்டியுடன் சேர்ந்து இவ்வழிகளைக் கணிக்கும் சூத்திரம் ஒன்றைக் கண்டார். அது சரிதானா? மக்மஹோன் என்னும் அறிஞர் பொறுமையுடன் கையாலேயே கணக்கிட்டார். 200க்கு அவர் கண்ட விடை 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388. சூத்திரத்தின் 8 உறுப்புகளைக் கூட்டியபோது வித்தியாசம் 0.004 மட்டுமே! 1918இல் அக்கட்டுரை வெளியாயிற்று.

1920 ஏப்ரல் 26 அன்று, 32 வயதிலேயே இராமானுஜன் சென்னையில் மறைந்தார். மதிப்பெண் குறைந்து மனம் சோரும் நாளில், தேர்வில் தவறிய இம்மேதையை நினைத்துக்கொள்வோம்.