கொத்தனார் மகன் கண்ட கணக்கு

கன்னியாகுமரிக்குப் போகிறவர்கள் சூரியோதயம் பார்ப்பார்கள், அம்மனைத் தரிசிப்பார்கள், பல வர்ண மணலை வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். 1869-ல் குமரிக்கு வந்த நில அளவை அதிகாரிகளுக்கோ வேறு ஜோலி இருந்தது. சுமார் 8,900 அடி நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அவர்கள் தரையில் அளந்தார்கள். வெயிலில் இரும்பு நீளும், அளவு கெட்டுப்போகும். ஆகவே இரும்பையும் பித்தளையையும் இணைத்து, உஷ்ணம் மாறினாலும் அளவு மாறாதபடி செய்த பத்தடிச் சட்டங்களைக் கொண்டு அளந்தார்கள். ஒரு தடவை அல்ல, நான்கு தடவை. நான்கு தடவையும் விடை ஒன்றாக வரவில்லை!

வித்தியாசம் அற்பம்தான். ஓர் அடியைப் பதினாயிரம் கூறாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கின் சராசரியிலிருந்து இரண்டு அளவுகள் ஒரு பக்கமாக 17 கூறும் 45 கூறும் விலகி நின்றன. மற்ற இரண்டும் மறுபக்கமாக 49 கூறும் 15 கூறும் விலகின. ஆனால் தென்கோடி நில அளவை முழுவதும் அந்தக் கோட்டின் மேல் ஏறி நிற்க வேண்டும். எந்த நீளத்தை நம்புவது? நம்பிய நீளத்தில் எவ்வளவு பிசகு இருக்கக்கூடும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் வழி சொன்ன மேதை, அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே ஜெர்மனியில் கண்மூடிவிட்டார். அவர் பெயர் கார்ல் பிரெடரிக் காஸ்.

1777 ஏப்ரல் 30-ந் தேதி பிரன்ஸ்விக் நகரில் காஸ் பிறந்தார். தகப்பனார் கொத்து வேலை, தோட்ட வேலை என்று கிடைத்த வேலையைச் செய்து குடும்பம் நடத்தியவர். தாயார் டொரோதியா அதிகம் படிப்பறியாதவர். பிள்ளை பிறந்த தேதியைக்கூடக் குறித்து வைக்கவில்லை. இயேசுநாதர் விண்ணேறிய திருநாளுக்கு எட்டு நாள் முந்திய புதன்கிழமை என்பது மட்டும் அந்த அம்மாளுக்கு நினைவிருந்தது. ஈஸ்டர் எந்தத் தேதியில் வரும் என்று கணக்கிடும் சூத்திரத்தை மகன் பிற்காலத்தில் கண்டுபிடித்தார். தம் பிறந்த தேதியையும் அவ்வாறே உறுதி செய்துகொண்டார்.

தகப்பனார் போக்கில் விட்டிருந்தால் பையன் கையில் கரண்டியும் தூக்குக்குண்டும்தான் இருந்திருக்கும். பிரன்ஸ்விக் பிரபு அவனது அறிவைக் கேள்விப்பட்டுப் படிப்புச் செலவை ஏற்றார். 1795-ல் காஸ் கெட்டிங்கன் சர்வகலாசாலையில் சேர்ந்தார்.

1801 ஜனவரி முதல் தேதி, இத்தாலியப் பாதிரியார் பியாஸி வானத்தில் ஒரு புதிய சிறு கோளைக் கண்டார். சீரிஸ் என்று அதற்குப் பெயர் வைத்தார். சில வாரங்களில் அது சூரியப் பிரகாசத்தில் மறைந்துபோயிற்று. மறுபடி எங்கே தேடுவது? இருந்ததோ கொஞ்சம் குறிப்புகள். அவற்றிலும் சிறு சிறு பிழைகள். இருபத்து நாலே வயதான காஸ் அவற்றை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டு, இன்ன இடத்தில் பாருங்கள் என்றார். அந்த ஆண்டின் இறுதியில், ஏறக்குறைய அங்கேயே சீரிஸ் அகப்பட்டது. ஐரோப்பா முழுவதும் அவர் பெயர் பரவியது.

பிழையுள்ள குறிப்புகளை நடத்தும் அந்த வித்தையை 1809-ல் ஒரு நூலில் விளக்கினார். அதே ஆண்டு வாக்கில்தான் நம் பக்கத்தில் லாம்டன் தம் பெரிய நில அளவையைச் சென்னையிலிருந்து குமரி வரை கொண்டுவந்து சேர்த்தார் என்பது ஒரு விசித்திரப் பொருத்தம்.

நாஞ்சில் நாட்டுக் களத்தில் ஒரே பொலியை நாலு பேர் மரக்காலால் அளந்தால் நாலு கணக்கு வரும். நடுவாக ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஏன் என்று கேட்கமாட்டோம். காஸ் கேட்டார். சராசரியே மிகவும் நம்பத்தக்கது என்றால், பிழைகள் எந்த விதிப்படி விழ வேண்டும்? ஒரே ஒரு விதிதான் பொருந்தியது. படம் வரைந்தால் அது கவிழ்த்து வைத்த மணிபோல் இருக்கும். சிறு பிழைகள் ஏராளம். பெரும் பிழைகள் அபூர்வம். கூடுவதும் குறைவதும் சமம். இன்று இயல்நிலைப் பரவல் என்று கல்லூரியில் படிப்பது இதுவே.

குமரியின் நான்கு அளவுகளுக்கு இந்த மணியைப் பொருத்திப் பாருங்கள். மணியின் நடுவை எங்கே வைப்பது? ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, இந்த நான்கு அளவுகளும் சேர்ந்து வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட வேண்டும். பிறகு இடத்தை மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். எங்கே வைத்தால் வாய்ப்பு உச்சத்துக்குப் போகிறதோ அதுவே நாம் தேடும் நீளம். அந்த உச்சி சராசரியில்தான் விழும்.

அகலத்தையும் அப்படியே தேடலாம். மணி மிகக் குறுகலானால் 49 கூறு விலகல் நடக்கவே முடியாததாகிவிடும். மிக அகலமானாலோ வாய்ப்பெல்லாம் வீணே சிதறிப்போகும். இடையில் ஒரே ஓர் அகலம்தான் சரியாகப் பொருந்தும். கணக்கு சுலபம். விலகல்களை வர்க்கமாக்கிக் கூட்டினால் 4,940. நான்கால் வகுத்தால் 1,235. வர்க்கமூலம் ஏறக்குறைய 35 கூறு, அதாவது ஒரு மில்லிமீட்டர் சொச்சம். இரண்டே முக்கால் கிலோமீட்டரை அளந்து, ஒரு மில்லிமீட்டர்! அந்த அளவைக்காரர்களை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

இந்த அகலக் கணக்கை 1816-ல் ஒரு கட்டுரையில் காஸ் செய்து காட்டினார். பிறகு அவரே அதில் ஒரு நுட்பம் கண்டார். உண்மையான நீளம் நமக்குத் தெரியாது. அந்த நான்கு அளவுகளிலிருந்தே சராசரி எடுத்து, அதிலிருந்தே விலகலையும் பார்க்கிறோம். ஆகவே விலகல் உள்ளதைவிடக் குறைவாகத் தோன்றும். நான்குக்குப் பதில் மூன்றால் வகுப்பதே நியாயம் என்றார். அப்போது 41 கூறு வரும். 1922-ல் இங்கிலாந்தின் ஃபிஷர் இந்தத் தேடும் வழியை எல்லாப் பரவல்களுக்கும் உரிய பொது முறையாக்கி, மீப்பெரு வாய்ப்பு என்று பெயரிட்டார்.

புகழோடு வழக்கும் வந்தது. வர்க்கங்களின் கூட்டலைக் குறைக்கும் முறையை 1805-லேயே பிரெஞ்சுக்காரர் லெழாந்தர் அச்சிட்டிருந்தார். தாம் 1795 முதலே அதைக் கையாண்டு வருவதாகக் காஸ் எழுதவே, லெழாந்தர் கொதித்துப்போனார். நம் அபிப்பிராயத்தில், வெளியிட்ட பெருமை லெழாந்தருக்கே உரியது. அதற்குக் காரணம் கண்ட பெருமை காஸுக்கு.

அந்த 1809 அவருக்கு மிகக் கொடிய ஆண்டாகவும் ஆயிற்று. உயிருக்குயிரான மனைவி ஜோஹன்னா, பிரசவத்துக்குப் பின் அக்டோபரில் இறந்தார். பிறந்த குழந்தையும் சில மாதங்களில் போய்விட்டது. மறு ஆண்டே மின்னாவை மணந்தார். ஆனால் பழைய குதூகலம் திரும்பவில்லை.

1820-க்குப் பிறகு ஹனோவர் நாட்டை அளக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. கோடை வெயிலில் தாமே மலை மலையாக ஏறி அலைந்தார். தூரத்து மலையிலுள்ள குறியைக் காண, சூரிய ஒளியைக் கண்ணாடியால் திருப்பி அனுப்பும் ஹீலியோட்ரோப் என்ற கருவியை 1821-ல் செய்தார். பிறகு எவரெஸ்ட் துரை அத்தகைய கருவிகளை இந்திய நில அளவைக்கும் கொண்டுவந்தார்.

1855 பிப்ரவரி 23-ந் தேதி கெட்டிங்கனில் காஸ் காலமானார். ஜெர்மனியில் யூரோ நாணயம் வருவதற்கு முன் புழங்கிய கடைசிப் பத்து மார்க் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டிருந்தார்கள். முகத்துக்குப் பக்கத்தில் அந்த மணி வளைவும் அதன் சூத்திரமும். பின்புறத்தில் அவர் ஹனோவரில் அளந்த முக்கோணங்களின் சிறு படம்.