வேகம் வேற, திசைவேகம் வேற! காவலூரில் வானம் பார்த்த வைணு பாப்பு யார்?

ஆம்பூர், வாணியம்பாடி என்றாலே தோல் தொழிற்சாலைகள்தான் நினைவுக்கு வரும். பக்கத்து ஜவ்வாது மலையில், காவலூரில் ஒரு வானியல் ஆய்வகமும் இருக்கு. அதை உருவாக்கியவர் வைணு பாப்பு.

1927-ல் சென்னையில் பிறந்து ஹைதராபாத்தில் வளர்ந்தவர். 1949-ல் ஹார்வர்டில் படிக்கும்போதே ஒரு புது வால்மீனைக் கண்டுபிடிச்சார். அதன் பெயரில் இவர் பெயரும் உண்டு.

வால்மீன் சூரியனை நெருங்க நெருங்க வேகம் கூடும், விலகும்போது குறையும். பாதையும் வளைந்துகொண்டே போகும். எந்தத் திசையில் எவ்வளவு வேகம் என்பதுதான் திசைவேகம். அது மாறும் வீதம் முடுக்கம். அதாவது வேகம் கூடினால் மட்டுமல்ல, குறைந்தாலும், வெறுமனே திரும்பினாலும் முடுக்கம்தான். காவலூர் மலைப்பாதை வளைவில் பஸ் அதே 30 கி.மீ. வேகத்தில் திரும்பட்டும்: ஸ்பீடாமீட்டர் முள் அசையாது, ஆனா நாம ஒரு பக்கம் சாய்வோம்!

1960-ல் கொடைக்கானல் ஆய்வகத்தின் இயக்குநரானார் பாப்பு. நகர வெளிச்சம் எட்டாத இருட்டான வானம் வேணும்னு தேடிப்பிடிச்ச இடம்தான் காவலூர். 1968-ல் வெறும் 38 செ.மீ. தொலைநோக்கியோடு வேலை தொடங்கியது. நட்சத்திரம் நம்மை நெருங்கினால் அதன் ஒளி நீலப் பக்கமும், விலகினால் சிவப்புப் பக்கமும் நகரும். அந்த நகர்வை அளந்தால், அது நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகம் கிடைச்சிடும்.

அடுத்து 2.34 மீட்டர் தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய இறங்கினார். வேலை முடியும் முன்பே, 1982-ல் ஜெர்மனியின் மியூனிக்கில் காலமானார். 1986-ல் அந்தத் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.